நடுக்கண்

ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே
வாய்க்கால் வளைகிற இடத்தில்
மூன்று கண் பாலம்.
எங்கள் பதிவேட்டில் அதற்கு எண் மட்டுமே, 14/2.
கட்டிய ஆண்டுக்கான கட்டத்தில்
எனக்கு முன்னிருந்தவர் ஒரு கோடு போட்டிருந்தார்.
கல்லில் ௧௮௭௧ என்று இருக்கிறது,
கடைசி ௧ பாதி பெயர்ந்து.

நடுக்கண்ணின் உச்சியில் விரிசல்.
ஒரு ரூபாய் நாணயம் நுழையும்,
இரண்டு சேர்ந்து நுழையாது.
மாசிக் கடைசியில், வாய்க்கால் வற்றியபின்
ஏணி போட்டு ஏறி
விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லு ஒட்டினேன்.
விரல் நீளம். இரு முனையிலும் சிமெண்டு.
பெயிண்டில் என் முதலெழுத்து, தேதி: மு, 11-3.
கல் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.
கண்ணாடி உடைந்தால் பாலத்தை மூடுவோம்.
அவ்வளவுதான் சாஸ்திரம்.

செவ்வாய்தோறும் போனேன்.
கண்ணுக்குள் எப்போதும் நிழல்.
ஆட்டுப் புழுக்கை, ஒற்றைச் செருப்பு,
அக்கரை சேகோ ஆலையிலிருந்து மாவுப் புளிப்பு.
மேலே கிழங்கு லாரி ஏறினால்
சத்தம் முதலில் வருவதில்லை.
ஒரு கைப்பிடி மண் உதிரும்.
தோளில் விழுந்ததைத் தட்டும்போதுதான்
சத்தம் வரும்.

மாதையன் வண்டியை நிறுத்திக் குனிந்து கேட்பார்,
"மூடிருவீங்களா மேடம்?"
சுற்றிப் போனால் பதினோரு கிலோமீட்டர்.
டீசலைக்கூடப் பொறுத்துக்கொள்வாராம்,
பிடுங்கிய கிழங்கு வெயிலில் நின்றால்
பாயிண்ட் இறங்கிவிடும்,
பாயிண்ட் இறங்கினால் தோட்டத்துக்காரி அங்கம்மா
இவர் முகத்தில் விழிக்கமாட்டாள்.
"கண்ணாடி சொல்லும்" என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

ஏழு செவ்வாய், சில்லு முழுசாக இருந்தது.
எட்டாவதும் முழுசு.
நோட்டில் 'மாற்றமில்லை' என்று எழுதி
மூடியைத் திருகும்போது
எதுவோ உறுத்தியது.
ஏறிப் பார்த்தேன்.
மு, 11.3.
நான் கோடு போடுகிறவள்,
புள்ளி வைக்கிறவள் அல்ல.
சிமெண்டு இல்லை, குழாய்க்கு அடைக்கிற எம்சீல்,
கட்டைவிரல் ரேகையோடு.
சில்லின் முதுகில் ரசத்தைச் சுரண்டியிருந்தார்கள்,
ஒரு மூலையில் மட்டும் விட்டுப்போயிருந்தது.
அந்த மூலைக்குள்
நடுக்கண்ணின் உச்சியில்
ஒரு கண் என்னைப் பார்த்தது.
என்னுடையதுதான்.

உடைந்த பழைய துண்டுகள்
தூணடி மணலில், காகிதத்தில் மடித்து.
ஆடு மேய்க்கிற பிள்ளைகள் காலில் குத்தாதிருக்க
யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள்.
பிரித்தால், எடைமேடை ரசீது.
வண்டி நீங்கலாக
பதினாறு டன் முந்நூற்று நாற்பது கிலோ.
பாயிண்ட் இருபத்தெட்டு.
நல்ல கிழங்கு.

ரசீதை எங்கும் இணைக்கவில்லை.
'மாற்றமில்லை'யை அடித்து
'உடைந்தது' என்று எழுதினேன்.
வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

வியாழன் காலை, இரண்டு தார் டிரம்,
குறுக்கே ஒரு மூங்கில், சிவப்புத் துணி.
ஒன்பது மணிக்கு லோடோடு அவர் வந்தார்.
டிரம்மைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
திட்டுவார் என்று காத்திருந்தேன்.
எஞ்சினை அணைத்துவிட்டு
"எந்த எழுத்துல தப்பு?" என்றார்.
"புள்ளி" என்றேன்.
தலையை ஆட்டிக்கொண்டார்,
கணக்கில் ஒரு மார்க் போனவரைப் போல.

கரையில் வண்டி திரும்ப இடமில்லை.
அரை பர்லாங் பின்னாலேயே போகவேண்டும்.
இடப்பக்கம் கண்ணாடி இருந்த இடத்தில்
வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.
அந்தப் பக்கம்தான் வாய்க்கால்.

நோட்டைக் கக்கத்தில் இடுக்கி
வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.
வா, வா,
ஒடிச்சு வா,
வலது, இன்னும் வலது,
வா.