தாமதக் காரணம்

கையொப்பப் புத்தகத்தின் கடைசி நிரல்
தாமதக் காரணம்.
பதினாறு வருசமாய் நான் அதில் எழுதியது
ஒரே சொல்: பாதை.

பாதை என்றால் எங்களுக்கு வழி அல்ல,
வாவியைக் கடக்கும் இரும்புத் தட்டு.
இருபது நிமிசம்,
காற்று எதிர்த்தால் முப்பது.
எழுவான்கரையில் ஏறிப்
படுவான்கரையில் இறங்கி
கூட்டுறவுச் சங்கத்துக் கதிரையில் போய் விழுவோம்.

இப்போது பாலம்.
மோட்டார் சைக்கிளில் நான்கு நிமிசம்.
ஆனாலும் எட்டரைக்குக் கீறும் சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான்
நேசதுரை, பூமணிதேவி, நான்,
ஸ்டோர் கீப்பர் கிருபாகரமூர்த்தி.
காரணம் என்ற இடத்துக்கு வந்ததும்
கை தானாக எழுதுகிறது
பாதை.

கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார்.
வெள்ளைத் தாளில் பச்சைப் பேனையால்
பள்ளம் ஒன்று கீறினார்.
அதிர்ச்சி, மறுப்பு, கோபம்,
மறுகா ஏறி வந்தால் ஏற்றுக்கொள்ளல்.
"நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள்?"
ஆளுக்கொரு ஸ்டிக்கர்.
முகாமையாளர் முதலில் மேல் நுனியில் ஒட்டினார்.
நாங்களும் அங்கேயே ஒட்டினோம்,
ஒன்றின் மேல் ஒன்று.
நான் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதில் தண்ணீர் இல்லை.

பாலம் திறந்து ஐந்து மாதம்,
முறைப்பாட்டுக் கடிதம் பதினொன்று.
நேசதுரை பூமணிதேவி மேல்,
பூமணிதேவி என் மேல்,
நான் அவளுடைய மின்விசிறி மேல்.
அதற்கு முன்னர் ஒன்றுகூட இல்லை.
"அப்ப நீங்க சண்டையே பிடிக்கல்லியா?"
பிடித்தோம் சேர்.
ஆனால் நடு வாவியில்
கோவித்துக்கொண்டு போக இடமில்லை.
கம்பியைப் பிடித்து, முகத்தைத் திருப்பி,
கண்டல் பற்றையைப் பார்த்துப் பார்த்து அலுத்து
பூமணிதேவிதான் கேட்பாள்:
"விடிய என்னகா சாப்பிட்ட?"
கரை தட்டும்போது முடிந்திருக்கும்.

இதை எந்த நிரலில் எழுதுவது?

நேற்று எட்டு மணிக்கே பாலத்தடிக்கு வந்துவிட்டேன்.
வண்டி பழைய துறைக்குத் திரும்பியது.
துருவேறிக் கிடந்த தட்டில்
கிருபாகரமூர்த்தி, தனியே,
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு.
என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.
"இரிங்க" என்றேன்.
இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.
தட்டும் நகரவில்லை.

எட்டு ஐம்பது.
சிவப்புக் கோட்டுக்குக் கீழே
அவர் எழுதினார்: பாதை.
நான் பேனையோடு கொஞ்ச நேரம் நின்றேன்.
பின்னால் நேசதுரை செருமினார்.
கிருபாகரமூர்த்தியின் சொல்லுக்கு நேர் கீழே
இரண்டு சின்னக் கோடு போட்டேன்,
மேலே உள்ளதே
என்று.