பசியாறலுக்குப் பிறகு, சோற்றுக்கு முன்

பத்தரை மணி.
பசியாறும் நேரம் தாண்டிவிட்டது,
மதியச் சோற்றுக்கு இன்னும் ஆகவில்லை.
இந்த இடைவெளிக்குத் தமிழில் பேரில்லை.
எங்கள் கம்பெனி அதற்கொரு விலை வைத்திருக்கிறது:
தலைக்கு முந்நூற்று இருபது வெள்ளி,
மூன்று நிறுத்தம், இரண்டு கோப்பை,
ஓலைத்தொப்பி ஒன்று இலவசம்.

கழுத்து அட்டையில் லோகா.
லோகநாயகிக்கு அதில் இடம் பற்றவில்லை.
மஞ்சள் குடையை உயர்த்திப் பிடிக்கிறேன்.
சூலியா தெரு அஞ்சடியில்
ஏழு பேர் பின்னால் வளைந்து வருகிறார்கள்,
நிறுத்திய மோட்டார் சைக்கிள்களைச் சுற்றி,
ஊதுபத்தி செருகிய பால்டின்னைச் சுற்றி,
ஒரு பூனையைச் சுற்றி.
பூனைக்கு மட்டும் நாலு நிமிடம் போயிற்று.

முதல் கடையில் ரொட்டி சானாய்.
மெல்பர்ன்காரர் ஒரு கையால் பிய்க்கப் பழகுகிறார்.
அவர் மனைவி முள்கரண்டி கேட்டு வாங்கி
அந்த முள்கரண்டியையும் படமெடுக்கிறார்.
இரண்டாவது, நியோஞ்ஞா வீட்டு முற்றம்.
சங்குப்பூ நீலத்தில் புளுட்டரிசி, மேலே காயா,
பக்கத்தில் அசாம்போய் மிதக்கும் ஜின்.
கோயம்புத்தூர் பல்வைத்தியர் மீனலோசனி
கோப்பையைச் சாமி தீர்த்தம்போல் இரண்டு கையால் ஏந்தி
"பதினொன்றரை மணிக்கா?" என்றார்.
பிறகு ஒன்றும் பேசவில்லை.
கோப்பை காலியானது.

மூன்றாவதுதான் என் கைவேலை.

கடற்கரைத் தெருவை ஒட்டிய சந்தில் மாடிக்கட்டடம்.
ஆவணத்தில் அதற்கு ஒரே வரி:
காய்ந்த இறால், பெலாச்சான், கிடங்கு.
பெலாச்சான் கிடங்கில் உட்கார்ந்து
நாற்பத்திரண்டு வெள்ளிக்கு யார் குடிப்பார்?
போன வருஷம் அடைமழை ஒன்றில்
எல்லாரும் மாடிப்படியில் மாட்டிக்கொண்டபோது
வாய் தானாகத் திறந்தது:
இங்கேதான் ராயப்பன் என்றொரு கப்பல் கிராணி இருந்தார்,
இரவெல்லாம் பிறர் சரக்கைக் கணக்கெழுதிவிட்டு
விடியுமுன் ஒரு கடிதம் எழுதுவார்,
சாதிக்காய்ச் சாறில் சாராயம் கலந்து குடிப்பார்,
கடிதத்தைக் கிழிப்பார்.
மழை விட்டது.
ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மறுவாரமே கியாட் அதை அட்டையில் ஏற்றிவிட்டான்.
ராயப்பனின் கடைசிக் கடிதம்:
பாலிக் பூலாவ் சாதிக்காய், ரம், எலுமிச்சை,
விளிம்பில் ஓரம் கருகிய காகிதத் துண்டு.
நன்றாக ஓடுகிறது.
சுவரில் இப்போது ஒரு மைக்கூடும் இருக்கிறது,
ஈப்போவில் பழைய சாமான் கடையில் வாங்கியது.
போன மாதம் ஒரு பெண்
அதன் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
நான் குடையின் கம்பியைச் சரிசெய்தேன்.

இன்றும் சொன்னேன். ஆங்கிலத்தில்,
நிறுத்தவேண்டிய இடங்களில் நிறுத்தி.
மெல்பர்ன் தம்பதி ஒருவர் கையை ஒருவர் பற்றினார்கள்.
மீனலோசனி மட்டும் சாய்ந்து, தமிழில்:
"ராயப்பனுக்கு எந்த ஊருங்க?"

யாரும் இதுவரை கேட்டதில்லை.
ஆங்கிலத்தில் என்றால்
உடனே ஒரு ஊர் வந்திருக்கும்.
தமிழில் நாக்கு கொஞ்சம் கூசியது.
"இன்னும் முடிவு பண்ணல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்,
சொத்தைப் பல்லைப் பார்க்கும் நிதானத்தோடு.
காகிதத் துண்டை எடுத்து முகர்ந்தார்.
ஒரு மிடறு. இன்னொன்று.
"தொண்டின்னு வச்சுக்கங்க.
கடலோர ஊரு, பொருந்தும்.
அப்புறம், கிழிக்க வேணாம்.
ஒண்ணையாவது அவர் தபால்ல போட்டிருக்கட்டும்."

வெளியே தூறல் பிடித்தது.
தூறல் விழுந்தால் இந்தத் தரைப்பலகை வியர்க்கும்.
கியாட் தினமும் எலுமிச்சைத் தண்ணீரில் துடைத்தும்
இடுக்கிலிருந்து மெல்ல மேலேறும்
இறால், உப்பு, வெயில், மூட்டைச் சாக்கு.
மெல்பர்ன்காரர் மூச்சை நெஞ்சுவரை இழுத்தார்.
"வரலாற்றின் வாசனை" என்றார் மனைவியிடம்.

இந்த ஒரு இடத்தில்
நான் எதையும் திருத்தவேண்டியிருக்கவில்லை.