கழிவுக் கட்டம்

டாக்டரம்மா கொடுத்த தாளில் பதினைந்து கோடுகள்தான்.
லாஸ்யாவின் ஒரு செவ்வாய்க்கிழமைக்கே போதவில்லை.
முதலாளி வீட்டில் நூல் கணக்கு எழுதி மிஞ்சிய
நீட்டு நோட்டைக் கேட்டு வாங்கிவந்தேன்.
பாவு, ஊடை, கூலி, கழிவு என்று
ஏற்கெனவே கட்டம் போட்டிருந்தது.
அதன் தலைமேலேயே எழுதினோம்:
தூக்கம், சாப்பாடு, கோபம்.
கழிவுக்கு மேல் எழுத எதுவும் தோன்றவில்லை.

பகல் அவளுடையது, இரவு என்னுடையது.
பத்மஜா நகரியில் படித்தவள், தெலுங்கில் எழுதுவாள்.
எனக்குப் பள்ளிப்பட்டு, எட்டாம் வகுப்பு, தமிழ்.
பேசிக்கொள்ள எங்களுக்கு ஒரே பாஷைதான்.
எழுதினால் மட்டும்
அவள் பக்கம் எனக்குக் கொட்டிவைத்த பட்டாணி.

மனநிலைக்கு எண் போடச் சொன்னார்கள்,
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்.
ஒரு லுங்கிக்கு எவ்வளவு நூல் பிடிக்கும் என்றால்
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
ஒன்பது வயதுப் பிள்ளை
மின்விசிறியைப் பார்த்துச் சிரிப்பது ஏழா, எட்டா?
சிரித்த வாயாலேயே
தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வது?
ஐந்து என்று போட்டேன்.
நடுவில் நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

மார்ச்சில் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.
தெரு முழுக்கத் தறி அதிரும்போது தூங்குகிறாள்.
கரண்ட் போனால்
காதுக்குள் யாரோ கல்லை எறிந்த மாதிரி
எழுந்து உட்கார்ந்து அலறுகிறாள்.
காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில்
எழுத ஆரம்பித்தேன். மின்தடை.
இரண்டு மணிக்கு மின்தடை.
மறுபடி மின்தடை.

ஐந்து மணி பஸ்.
பாலம் தாண்டுவதற்குள் என் செல்போன்
ஆந்திராவுக்கு நல்வரவு சொல்லி, திரும்பவும்
தமிழ்நாட்டுக்கு நல்வரவு சொன்னது.
சோளிங்கரில் இரண்டு இட்லி, ஒரு வாந்தி.
வேலூரில் டோக்கன் நாற்பத்தொன்று.

டாக்டரம்மாவுக்குத் தெலுங்கு வராது.
சித்தூர்க்கார நர்ஸ் ஹைமாவதியைக் கூப்பிட்டார்.
அவர் விரலை வைத்து, ரேஷன் கடையில் பேர் வாசிப்பதுபோல்
ஒவ்வொன்றாய்த் தமிழில் சொன்னார்.
தூக்கம் ஆயிற்று, சாப்பாடு ஆயிற்று.
"கடைசிக் கட்டத்துல என்னமோ பொடியா எழுதியிருக்காங்க மேடம்."
படிங்க என்றார் டாக்டரம்மா.

"ஏப்ரல் எட்டு. நான் அடித்தேன். முதுகில், இரண்டு.
அழவில்லை. அழுதிருந்தால் நிறுத்தியிருப்பேன் ஒன்றிலேயே.
பதினாலு. மழை. வாசலில் நின்று நனைந்தாள். நானும்.
இருபது. கதவுக்கு உள்பக்கம் நகக்கீறல். புதுசு."

பத்மஜா ஜன்னலைப் பார்த்தாள்.
டாக்டரம்மா நோட்டைத் தன் பக்கம் இழுத்து
பத்தொன்பதாம் தேதி இரவைத் தேடினார்.
என் கையெழுத்து, முத்து முத்தாக.
மின்தடை. நாற்பது நிமிடம்.

லாஸ்யா மேஜைத் துணியின் ஓரத்தில்
ஒரு நூலை உருவிக்கொண்டிருந்தாள்.
அறுந்துபோகாமல் உருவத் தெரிகிறது அவளுக்கு.

"அன்னைக்கு கரண்ட் இருந்துச்சு மேடம்" என்றேன்.
தெருவில் நாற்பது நிமிடம் நின்றிருந்தேன்.
மூன்று பீடி. சாவி என் பையில்.
எல்லாத் தறியும் ஓடியது, அதனால்
எதுவும் கேட்கவில்லை என்று சொல்லவந்து
சொல்லவில்லை. கேட்டது.

ராத்திரி மாத்திரையில் பாதியைக் குறைத்தார்.
காலைக்கு ஒன்றைக் கூட்டினார்.
ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்.
நோட்டு நல்லா வெச்சிருக்கீங்க என்றார்,
எங்கள் இருவரில் யாரையும் பார்க்காமல்.

திரும்பும் பஸ்ஸில் பத்மஜா பேசவில்லை. நானும்தான்.
ஜன்னல் கம்பியில் உதட்டை வைத்து
பஸ்ஸோடு சேர்ந்து அதிர்ந்தபடி வந்தாள் பிள்ளை.
சோளிங்கரில் டீக்கு நிறுத்தி
டிரைவர் என்ஜினை அணைத்தார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம்,
அவள் காதைப் பொத்த.
என் கை அவள் கைமேல் விழுந்தது.
லாஸ்யா அலறவில்லை.
எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்,
என்ன ஆச்சு உங்களுக்கு என்பதுபோல.

பத்மஜா நோட்டைப் பிரித்துக்கொண்டு பேனாவைத் தேடினாள்.
என் சட்டைப்பையில் மூடி மட்டும் இருந்தது.