பார்த்தவர்கள்

எங்கள் டிவிஷனில்
தண்ணி டேங்க் மேலேறினால்தான்
இரண்டு கோடு சிக்னல்.

மவுசாக்கலைப் பனியைப் படம்பிடித்துப் போட்டேன்:
முந்நூறு இதயம்.
தோஹாவிலிருந்து சவரியம்மா மகன்
"சொர்க்கம்" என்றான்.
அட்டை கடித்த காலைப் போட்டேன்.
ஒரு அழுமூஞ்சி, அவ்வளவுதான்.

நேற்று படமில்லை. கேள்வி மட்டும்:
உங்க மலையில இன்னிக்கு
தராசு எத்தனை கிலோ தின்னுச்சு?

இறங்குமுன்னே போன் துடித்தது.
ரெண்டு.
நாலு.
எங்களுக்கு மூணரை அக்கா.
நோர்வூட்டிலிருந்து யாரோ ஒருத்தி:
சாக்கு ஈரமாம். மழையே இல்ல.

மறுபடி ஏறி
பார்த்தவர்கள் பட்டியலைத்
தள்ளிக்கொண்டே போனேன்.
கடைசிக்கு முன்னால்
கணக்கப்பிள்ளை.
இதயமில்லை, சொல்லுமில்லை.

இன்று மடுவத்தில்
என் முறை வந்ததும்
தராசு முள்ளை
இரண்டு தரம் துடைத்தார்.