ஓர் உயிரெழுத்து

வார்சாவில் ஒரு நிலவறை. சுவரெங்கும் முட்டை அட்டை.
விதோல்த் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்கிறான்.
இன்றைக்கு அவன் ஒன்பது பேராக வேண்டும்:
நாயகி, நாயகன், நாயகனின் அம்மா,
ஒரு பாதிரியார், இரண்டு வேலைக்காரிகள்,
மாடிப்படியில் தள்ளிவிடப்போகிற சித்தி,
தள்ளியதைப் பார்த்த டாக்டர்,
இன்னும் பேச்சு வராத குழந்தைக்கு ஒரே ஒரு "அம்மா".

போலந்துத் தொலைக்காட்சியில் அப்படித்தான் வழக்கம்.
வெளிநாட்டுத் தொடர் எதுவானாலும்
சொந்தக் குரல்கள் அடியில் முணுமுணுக்க
மேலே ஓர் ஆண்
எல்லோர் வசனத்தையும் வாசித்துவிட்டுப் போவான்,
ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி.
அழக் கூடாது. சிரிக்கக் கூடாது.
சித்தி தள்ளும்போதும் மூச்சு வாங்கக் கூடாது.

சோப்புத்தூள் விளம்பரத்தில் மட்டும்
பெண்ணுக்குப் பெண்குரல் கிடைக்கும்,
தேன் தடவி, ஒரு கட்டை ஏற்றி.

பதினோராவது வாரம், கை சும்மா இருக்காமல்
தாளின் ஓரத்தில் பென்சிலால் கோடு கிழிக்கத் தொடங்கினான்.
பெண்கள்: "மன்னித்துவிடுங்கள்" நாற்பத்து மூன்று,
"காபி கொண்டுவரட்டுமா" பத்தொன்பது,
"எங்கே போகிறீர்கள்" எண்ணி முடியவில்லை.
ஆண்கள்: "வாயை மூடு", "வண்டியை எடு",
"எனக்கு ஒன்றுமில்லை".
இந்தக் கடைசியை, மார்பில் குண்டு பாய்ந்த பிறகும்.
ஒலிப்பதிவு செய்கிற போக்னா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
"என்ன கணக்கு அது?" என்றாள்.
"மளிகைக் கணக்கு."

நமக்கு இது புரிய கொஞ்சம் இலக்கணம் வேண்டும்.
தமிழில் அவன் போனான், அவள் போனாள்.
நான் என்று வந்துவிட்டால் போனேன்தான்.
மீசையா வளையலா என்று
போனேன் விசாரிப்பதில்லை.
அவர்கள் மொழி விசாரிக்கும்.
"பயந்தேன்" என்பதை ஒரு பெண் சொன்னால்
ஏறக்குறைய "பாவம்" என்று காதில் விழும்.
நம் பாவம் அல்ல அது. தெரிந்தும்
எனக்கு ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது.
ஆண் சொன்னால் "பாவெம்".
அகரம் எகரமாகும், அவ்வளவுதான்.
அந்த எகரத்தை அந்தத் தொடரில்
எந்த ஆணும் கேட்டு வாங்கியதில்லை.

கடிதம் மார்ச்சில் வந்தது. சிலேசியா, சுரங்க ஊர்.
கட்டம் போட்ட காகிதம், கணக்கு நோட்டில் கிழித்தது.

"ஐயா,
என் வீட்டுக்காரர் அலோய்ஸ் உங்கள் தொடரைப் பார்ப்பதில்லை.
சமையலறை வாசலில் நின்று ஒரே கரண்டியை
முக்கால் மணி நேரம் துடைப்பார்.
பொம்பளைங்க கதை என்பார்.
அந்தப் பெண் சாவியைத் தேடினால் மட்டும்
'மேசை மேலே, மேசை மேலே' என்பார்.
செவ்வாய்க்கிழமை அவள் சொன்னாளே, 'பயந்தேன்' என்று.
சொன்னது அவள். விகுதி அவளுடையது. குரல் உங்களுடையது.
கரண்டிச் சத்தம் நின்றது.
அந்தச் சோப்புத்தூள்காரி பாடிக்கொண்டிருக்கும்போது
ஓர் எழுத்தை மாற்றி அவர் அதைத் திரும்பச் சொன்னார்.
பிறகு, எழுபத்தொன்பதில் சுரங்கக் கூரை இறங்கிய கதை.
ஒன்பது மணி நேரம். பக்கத்தில் கிடந்த பையனின் பெயர்.
அன்றைக்கு இரட்டை ஷிப்ட் என்றுதான்
இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.
ஒரு வேண்டுகோள்: உருக்கமாக வாசிக்கத் தொடங்கிவிடாதீர்கள்.
நீங்கள் அழுதால் இவர்
புறாக்களுக்குத் தீனி போட எழுந்து போய்விடுவார்.
எல்ஃப்ரிடா."

விதோல்த் இரண்டு தடவை படித்தான்,
இரண்டாம் தடவை வாய்விட்டு,
ஒலிவாங்கி அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

நூற்றுப் பதினான்காம் பாகம்.
நாயகன் எரிகிற தொழுவத்திலிருந்து வெளியே வருகிறான்.
சட்டையெல்லாம் கரி. நாயகி ஓடிவருகிறாள்.
தாளில் இருந்தது: "எனக்கு ஒன்றுமில்லை."
விதோல்த் வாசித்தான்.
பிழை இல்லை. குரல் தட்டை. மூச்சுகூட ஒழுங்கு.
போக்னா நாடாவை நிறுத்தினாள்.

"தாளில் உள்ளதைத்தானே வாசித்தேன்?"

"ஆமாம்" என்றாள்.
"இன்னொரு தடவை."