கேட்டுக்கு அந்தப் பக்கம்

சித்திரையில் தூக்கிவந்தேன் குருணையை.
எனக்கு வேலை இல்லாத மாதங்கள்.
பகல் முழுக்க ஒரே மின்விசிறிக்குக் கீழே
இரண்டு பேரும் கிடந்தோம்.
புரட்டாசியில் குறுவை அறுத்தார்கள்,
கொள்முதல் நிலையத்தைத் திறந்தார்கள்,
பட்டியல் எழுதக் கூப்பிட்டார்கள்.
காலையில் பூட்டினால்
திறக்க இருட்டிவிடும்.

'தனியா விட்டா ஏங்கிப்போயிடும்டி' என்றாள் கோமளவல்லி,
சிந்திய நெல்லைக் கூட்டியபடி.
'இன்னொண்ணு கொண்டாந்து போடு, ஒண்ணுக்கொண்ணு துணை.'
நாய்க்கு என்ன தெரியும் பொழுது என்றார் லாரிக்காரர்.
மாட்டாஸ்பத்திரி இருதயராஜ் மட்டும்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்,
'அது அழுவுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?'

யாரும் சொல்லவில்லை.
சாவியைத் திருகும்போது
அது பார்க்கிற பார்வைதான்.
நெல்லுக்கு என்றால் கருவி இருக்கிறது,
பதினேழுக்கு மேல் ஈரம் என்றால் திருப்பிவிடலாம்.

திரை உடைந்த பழைய கைப்பேசியை
சார்ஜரோடு அரிசி டின் மேல் வைத்து
பதிவை ஓடவிட்டுப் போனேன்.

ராத்திரி சோறு பிசைந்துகொண்டே கேட்டேன்,
தள்ளித் தள்ளி.
நான் இல்லாத என் வீடு:
பிரிட்ஜ் ஒருமுறை நடுங்கி அடங்குகிறது.
கெண்டை, கெளுத்தி என்று சைக்கிளில் ஒருவன் கடக்கிறான்.
நகம் தரையில் சொடுக்கச் சமையலறைவரை நடை,
தண்ணீர் நக்கும் சத்தம், திரும்பும் நடை.
பல்லி.
வட்டி கட்டிவிட்டு வந்தவர் விடுவதுபோல
ஒரு பெருமூச்சு.
பிறகு மணிக்கணக்கில் குறட்டை.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆறு இருபதுக்கு எழுந்தது.
ஊளை இல்லை அது, முனகலும் இல்லை.
கதவுக்கும் ஜன்னலுக்குமாய் ஓட்டம்.
மரத்தில் பிறாண்டல்.
தொண்டையில் சிக்கிய ஒற்றை எழுத்தைத்
திரும்பத் திரும்பத் துப்பப் பார்க்கிறது.
ஆறு ஐம்பத்திரண்டுக்குப் பூட்டு.
என் குரல், 'என்னடா, என்னடா.'

மறுநாளும் ஆறு இருபது.

மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போன தையல்நாயகி
டைகரை ஒரு வாரம் என்னிடம் விட்டுப்போனாள்.
பேருக்குத்தான் டைகர், பல் பாதி இல்லை.
முதல் நாள் தட்டுக்குச் சண்டை.
அப்புறம் பாயின் ஆளுக்கொரு முனை.
பதிவில் இப்போது இரண்டு குறட்டை,
ஒன்று கொஞ்சம் சளியோடு.
ஆறு இருபதுக்கு ஒன்றுதான் எழுந்து ஓடியது.
மற்றது புரண்டு படுத்தது.

ஆறு இருபதுக்கு நான் எங்கே இருக்கிறேன்?

நீடாமங்கலம் கேட்டில்.
மன்னார்குடி வண்டிக்கு என்ஜினைக் கழற்றி
மறுமுனையில் மாட்டும்வரை திறக்க மாட்டார்கள்.
நெல் லாரி, கல்யாண வேன், டவுன் பஸ்,
எல்லோரும் அணைத்துவிட்டு இறங்கி நிற்பார்கள்.
நான் அணைப்பதில்லை,
அணைத்தால் என் வண்டி
பத்து உதைக்குப் பிறகுதான் கிளம்பும்.
திருகாணி விழுந்த மட்கார்டு
தடதடவென்று ஆடிக்கொண்டே இருக்கும்.
கேட்டுக்கு அந்தப் பக்கம்
ஐந்தாவது வீடு நாங்கள்.

பகலெல்லாம் இல்லாதவளை
அது தூங்கிக் கழித்துவிட்டது.
வந்தும் வராதவளைத்தான்
என்ன செய்வதென்று தெரியவில்லை.

டைகரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
'தொணை வேணாமா?' என்றாள் தையல்நாயகி,
பேரனை மடியில் போட்டுக்கொண்டு.

இப்போதெல்லாம்
வெண்ணாற்றுப் பாலம் இறங்கும்போதே
வண்டியை அணைத்து
உருட்டிக்கொண்டு வருகிறேன்.
பஸ்காரர் பின்னாலிருந்து என் வம்சத்தை விசாரிக்கிறார்.
கேட்டருகே தொண்டையைக்கூடச் செருமாமல் நிற்கிறேன்,
ஊரே ஹார்ன் அடிக்கிற வரிசையில்
இன்னும் வராதவள் மாதிரி.

நேற்றைய பதிவு இருக்கிறது.
ஆறு இருபதுவரை தள்ளி
நிறுத்தி வைத்திருக்கிறேன்.