தொண்டி அறை, குழித்துறை

பதிவேட்டில் ஏழு கட்டங்கள்.
எனக்கு முன்னால் இருந்தவர்கள் போட்ட கோடுகள்தான்,
நானும் அதே அளவுக்குத்தான் இழுக்கிறேன்.

1962, பங்குனி என்று கைப்பழக்கத்தில் எழுதி
அடித்து, மார்ச் என்று திருத்தியிருக்கிறார் ஒருவர்.
எதிரி: வேதமாணிக்கம், பனையேறி, முஞ்சிறை.
பொருள்: கலயம் மூன்று, கள்ளுடன்.
குறிப்பு: உட்புறம் சுண்ணாம்பு பூசப்படவில்லை.

ஒரு விரல் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது அக்கானி,
காய்ச்சிக் கருப்பட்டியாக்கிச் சந்தையில் வைக்கலாம்.
தடவாததால் மூன்று மாதம்.
அதே பனை, அதே பாளை, அதே விடியல்.

அழித்த இடம்: நீதிமன்றக் கொல்லை.
அதன் ஓரத்தில், பென்சிலில்,
யாரும் கேட்காத ஒரு வரி:
‘ஐயா வீட்டுக் கோழிகள் அந்திவரை எழவில்லை.’

பக்கம் புரட்டப் புரட்ட
‘அளவு’ என்ற கட்டம் மெலிகிறது.
கள்ளை ஒளிக்க முடியாது.
நுரைக்கும், புளித்து நாறும்,
கலயத்துக்கு ஒரு ஆள் சுமக்க வேண்டும்.
அதனால் வாற்றினார்கள்.
வாற்றியதை சைக்கிள் டியூபில் அடைத்து
இடுப்பில் சுற்றிக்கொண்டு
மார்த்தாண்டம் சந்தைக்குப் போனார்கள்.
டியூபையும் போலீஸ் தடவத் தொடங்கியபோது
ஸ்பிரிட் வந்தது, இருமல் மருந்துப் புட்டியளவு.

எழுபத்தாறில் ஒரு பக்கம்.
‘எதிரி இறந்துவிட்டபடியால் வழக்கு முடிக்கப்பட்டது.’
ஒரே கையெழுத்து, நான்கு தடவை.
நான்காவதில் ‘முடி’ என்பதோடு
பேனாவை எடுத்துவிட்டார்.

இனி என் கையெழுத்து.
கஞ்சா, இரண்டு கிலோ, களியக்காவிளை சோதனைச் சாவடி,
பேருந்தில் கடைசி இருக்கைக்கு அடியில்.
அடுத்த வருஷம் நூறு கிராம்.
மோப்ப நாய் வந்த வருஷம்
மாத்திரை தொடங்கியது.
வலிக்குக் கொடுப்பது, அட்டைக்குப் பத்து.
டாக்டர் சீட்டு இருந்தால் மருந்து,
இல்லாவிட்டால் குற்ற எண்.
சுண்ணாம்பு என்று நினைத்துக்கொண்டேன்,
யாரிடமும் சொல்லவில்லை.
இப்போது ஒரு காகிதம் வருகிறது,
தபால்தலையில் பாதி. நக்கினால் போதுமாம்.

அலமாரிகள் காலியாகக் கிடக்கின்றன.
ஆய்வுக்கு வந்த அதிகாரி சுற்றிப் பார்த்து
‘நல்லா கொறஞ்சிருக்கே’ என்றார்.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

திறந்துவிட்டால் சரியாகுமா என்று
என்னைக் கேட்காதீர்கள்.
திறந்த கடை சாலைக்கு எதிரில் இருக்கிறது.
மதியம் பன்னிரண்டுக்கு என் தம்பியை அங்கே பார்க்கலாம்,
ஷட்டர் தூக்குகிறவனுக்கு ஒரு கை கொடுத்தபடி.
சாவடி தாண்டிப் பாறசாலைப் பக்கம் போனால்
கள்ளுக்குப் பெயர்ப் பலகை உண்டு,
மரச்சீனியும் மீனும் உண்டு.
இந்தப் பக்கம் வேதமாணிக்கத்தின் கலயம்
இன்றைக்கும் குற்றம்தான்.

நேற்று ஜன்னலில் கமலாபாய், நடைக்காவு.
‘எனக்க மவன் அஜினுக்க போனு
இஞ்சதான் இருக்காம். தருவியளா மக்களே?’
இறப்புச் சான்றிதழை லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார்,
மழையில் நனையக் கூடாதென்று.
அவன் முதல் எதிரி.
இரண்டாம் எதிரி உயிரோடு இருப்பதால்
போன் சாட்சிப் பொருள் என்றேன்.
வழக்கு முடியட்டும் என்றேன்.
‘அவன் செத்த பெறவுமா?’
பதில் சொல்லப் பதிவேட்டைத் திறந்தேன்.
அதில் பதில் இல்லை.

‘எங்கில், சார்ஜாவது போட்டு வையுங்க.
அவன் பேசி அனுப்புனது ஒண்ணு அதுல கெடக்கு.
நான் முழுசா கேக்கல்ல.’

அரக்கு முத்திரையை உடைக்க எனக்கு அதிகாரம் இல்லை.

அவர் போய், பஸ் வந்து, பஸ்ஸும் போனபிறகு
நாலாவது கட்டத்தைச் சரிபார்த்தேன்:
செல்போன் ஒன்று, கறுப்பு, திரை உடைந்தது.
ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.
பென்சிலை எடுத்தேன்,
ரப்பரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்:
‘தாயார் வந்து கேட்டார். சார்ஜ் இல்லை.’